பார்க்க ஆறின மாதிரிதான் இருக்கும்

ஐ.டி. வேலையா? அதானே பார்த்தேன். காதுல ஒரு வயர், மடியில ஒரு லேப்டாப் பை, முகத்துல தூக்கம். எஞ்சினியர்னா இப்படித்தாம்மா இருக்கணும். உட்கார்ந்த இடத்துல வேலை, தலைக்கு மேல ஏசி, கையில அழுக்கு ஒட்டாது. இதைத்தான் எங்க ஸ்கூல் பொண்ணுங்ககிட்ட வருஷா வருஷம் தொண்டை வத்தச் சொல்றேன். கேட்டாத்தானே. இப்ப ஒருத்தி, உலை பக்கத்துல நின்னு வேகிற எஞ்சினியரிங்தான் படிப்பேன்னு போய்ச் சேர்ந்துட்டா. யாரு அவளைக் கெடுத்ததுன்னு கேளுங்க. நீங்க கேக்கலேன்னாலும் சொல்லத்தான் போறேன். பஸ் தாம்பரம் வர்ற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல.

நான் வந்தவாசிப் பக்கம் ஒரு அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில கெமிஸ்ட்ரி டீச்சர். பேரு திலகவதி. லேப்பும் என் பொறுப்புதான். என் லேப் மாதிரி ஒரு லேப்பை நீங்க எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க. நான் சார்ஜ் எடுத்ததுலேர்ந்து அங்க ஒரு டெஸ்ட் டியூப் உடைஞ்சதில்ல. ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. மத்த ஸ்கூல்ல வருஷத்துக்கு ஒரு கூடை உடைப்பாங்க. எப்படி முடியுதுன்னு கேப்பாங்க. ரொம்ப சுலபம். பீரோவைப் பூட்டி வச்சா எதுவும் உடையாது. பொதுத்தேர்வு பிராக்டிகலுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி திறப்பேன். நான் செய்வேன், பொண்ணுங்க சுத்தி நின்னு பார்ப்பாங்க. முன்வரிசையில இருக்கிறவளுக்கு நல்லாவே தெரியும். பின்வரிசைக்கு முன்வரிசை சொல்லும். மார்க் எல்லாருக்கும் முழுசா போயிடும். இதுல யாருக்கு என்ன குறை?

யாருக்கும் இல்ல. எங்க எச்.எம்முக்குத்தான் இருந்தது.

எச்.எம். பேரு ஹெலன் ரூபாவதி. மாத்தலாகி வந்த புதுசு. புதுசா வர்ற எச்.எம்முக்கெல்லாம் ஒரு வியாதி உண்டு, எதையாவது செய்யணும். இவங்க ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "டீச்சர், இனிமே வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்பைத் திறந்து வைங்க. பதினோராம் வகுப்புப் பிள்ளைங்களுக்குக் கண்ணாடி பத்திச் சொல்லிக் குடுக்க ஒரு எஞ்சினியர் வராங்க"ன்னாங்க.

"கண்ணாடியா? எந்தப் பாடத்துல வருது மேடம்?"

"பாடத்துல இல்ல. அதுக்குத்தான் வராங்க."

எப்படி இருக்கு பதில்? பாடத்துல இருக்கிறதையே முடிக்க முடியல, பாடத்துல இல்லாததுக்கு ஆளை வரவழைக்கிறாங்க.

வந்தது ஒரு பொண்ணு. ரெஹானா. உங்களைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். ஏதோ பெரிய கண்ணாடித் தொழிற்சாலையில நல்ல சம்பளத்துல இருந்ததாம். அதை விட்டுட்டு, ஊர் ஊரா அரசுப் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைங்க கையால கண்ணாடி வேலை செய்ய வைக்குதாம். ஏம்மா விட்டேன்னு கேட்டேன். "அங்க வேலைக்கு வந்த எஞ்சினியருங்களுக்கு எல்லாக் கணக்கும் தெரியும் டீச்சர். ஆனா கண்ணாடியை யாரும் தொட்டுப் பார்த்ததே இல்ல. இந்த வயசுலயே தொட்டுப் பார்த்திருந்தா தேவலைன்னு தோணுச்சு"ன்னு சொல்லிச்சு. நல்ல கொள்கை. கொள்கை இருக்கிறவங்க வீட்டுல வேற யாராவது சம்பாதிக்கிறவங்க இருப்பாங்க.

முதல் வெள்ளிக்கிழமை அது என்ன பண்ணிச்சு தெரியுமா? சர்க்கரைப் பாகு காய்ச்சிச்சு. என் லேப்புல. கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. தண்ணி, சர்க்கரை, கொஞ்சம் குளுக்கோஸ் பாகு, அடுப்புல வச்சு நல்லாக் கொதிக்க விட்டு, தட்டுல ஊத்தி ஆற வச்சா மஞ்சளா, கண்ணாடி மாதிரி பலகை. அதை ஒரு பொண்ணு கையில குடுத்து, வெளிச்சத்துக்குக் காட்டி, "இதுவும் கண்ணாடிதான். சர்க்கரைத் துகள்கள் அடுக்கா உட்கார நேரம் கிடைக்கல. அப்படி அப்படியே நின்னுடுச்சு. அடுக்கில்லாம உறைஞ்சதுக்குத்தான் கண்ணாடின்னு பேரு"ன்னு சொல்லிச்சு. அப்புறம் அதை உடைச்சு எல்லாருக்கும் தின்னக் குடுத்துச்சு. நான் பன்னிரண்டாவதுக்கு இதையே, ஒழுங்கில்லாத திடப்பொருள்னு, ஒரு பத்தியா நடத்தியிருக்கேன். அண்டர்லைன் பண்ணச் சொல்லி, ரெண்டு தடவை எழுதச் சொல்லி. யாருக்கும் ஞாபகம் இருந்ததில்ல. இது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. இருக்காதா பின்னே, மிட்டாய் குடுத்தா.

அடுத்த வாரம் நிஜக் கண்ணாடி வந்தது. குச்சி குச்சியா, சன்னமான குழாயா, ஒரு கட்டு. கூடவே ஒரு கேஸ் பர்னர். பொண்ணுங்க எல்லாருக்கும் கண்ணுக்கு மாட்டிக்க ஒரு மூக்குக் கண்ணாடி. தலைமுடியை இழுத்துக் கட்டி, துப்பட்டாவைக் கழட்டி வச்சிட்டு, எல்லாரும் வெல்டிங் பட்டறைக்கு வேலைக்கு வந்த மாதிரி நிக்கிறாங்க. எனக்கும் ஒரு மூக்குக் கண்ணாடி நீட்டிச்சு. நான் எம்.எஸ்சி. எனக்கு எதுக்கு?

அன்னைக்கு அது முதல்ல சொன்னது இதுதான். நல்லா கேட்டுக்கங்க, ஏன்னா நான் கேக்கல. கேக்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்ல. "சூடான கண்ணாடியும் ஆறின கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சிவப்பு போயிடுச்சுன்னா ஆறிடுச்சுன்னு நினைக்காதீங்க. தொடறதுக்கு முன்னாடி புறங்கையை அதுக்கு மேல, கொஞ்சம் தள்ளிக் காட்டிப் பாருங்க. அனல் தெரியலேன்னா அப்புறம் எடுங்க." பொண்ணுங்க எல்லாரும் கோரஸா திருப்பிச் சொன்னாங்க. நான் ஜன்னல் பக்கம் நின்னு பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன்.

இங்கதான் நர்மதா வர்றா. நான் சொன்னேனே, கெட்டுப் போனவ. அவ அம்மா கோரைப் பாய் நெய்யறவங்க, அப்பா லாரியில போறவரு. கெமிஸ்ட்ரியில அவ வாங்கற மார்க்கை வெளியில சொல்ல எனக்கே கூச்சம். வாய் மட்டும் நீளம். எதுக்கெடுத்தாலும் ஏன் மிஸ், ஏன் மிஸ். ஏன்னு கேட்டா மார்க் வருமா? அவளை சயின்ஸ் குரூப்புலேர்ந்து தொழிற்பிரிவுக்கு மாத்திடலாம்னு நான் ஏற்கெனவே எச்.எம்கிட்ட பேசி வச்சிருந்தேன். அவ நல்லதுக்குத்தான். அவ ஃபெயிலானா அவளுக்குத்தானே கஷ்டம். ஸ்கூல் ரிசல்ட்டுக்கும் கொஞ்சம் கஷ்டம்.

அந்த நர்மதாவைக் கூப்பிட்டு ஒரு குச்சியைக் குடுத்து, நடுவுல நெருப்புல காட்டி உருட்டச் சொல்லிச்சு. உருட்டினா. குச்சி நடுவுல சிவந்து தொய்யுது. "இப்ப வெளிய எடு. பக்கத்துல இருக்கிறவகிட்ட ஒரு முனையைக் குடுத்துட்டு இழு, நிறுத்தாத"ன்னுச்சு. இவ இழுத்துக்கிட்டே பின்னால நடக்கிறா. ஒரு முனையை இன்னொருத்தி பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நூல் மாதிரி கண்ணாடி வருதும்மா. லேப்போட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், தலைமுடியைவிட மெல்லிசா, வெயில் பட்டு மினுமினுன்னு. பொண்ணுங்க ஒருத்தியும் வாயைத் திறக்கல. எனக்கு அந்த வகுப்புல அந்த அமைதி ஒருநாளும் கிடைச்சதில்ல. பிரம்பு எடுத்தாக் கூட.

"வளைச்சுப் பாரு."

வளைச்சா. கண்ணாடி வளையுது. வளையம் மாதிரி வருது, உடையல.

"இதுக்குள்ள வெளிச்சத்தை அனுப்பினா உள்ளுக்குள்ளயே மோதி மோதி அந்தப் பக்கம் வந்துடும். உங்க போன்ல பேசறது, பார்க்கறது எல்லாம் கடலுக்கு அடியில இந்த மாதிரி ஒரு கண்ணாடி நூல்லதான் போகுது"ன்னு ரெஹானா சொல்லிச்சு. நர்மதா அந்த நூலையே பார்த்துக்கிட்டு நின்னா. அப்புறம் "இதைக் கண்டுபிடிச்சு வேலை பார்க்கிறவங்களுக்கு என்ன பேரு மேடம்?"னு கேட்டா.

"எஞ்சினியர்."

"எஞ்சினியர்னா கம்ப்யூட்டர்னு எங்க மிஸ் சொன்னாங்க."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் பேப்பர் திருத்தினேன்.

அப்புறம் அந்தச் சொட்டு. அதைப் பார்த்தா நீங்களும் கொஞ்சம் ஆடித்தான் போவீங்க. கண்ணாடிக் குச்சியோட முனையை உருக்கி, ஒரு வாளித் தண்ணியில சொட்ட விடும். தண்ணிக்குள்ள போனதும் வாலோட ஒரு சொட்டு, தவளைக் குஞ்சு மாதிரி உறைஞ்சு நிக்கும். தலையைச் சுத்தியல் வச்சு அடிச்சாலும் உடையாது. நான் பொய் சொல்லல, நானே அடிச்சேன். என்னைத்தான் கூப்பிட்டாங்க, மூத்தவங்க அடிக்கட்டும்னு. ஓங்கி அடிச்சேன், கொஞ்சம் கோவமும் இருந்தது. உடையல. அப்புறம் அதை ஒரு துணியில சுத்தி, வால் நுனியை லேசா கிள்ளிச்சு. டப்னு ஒரு சத்தம். பிரிச்சா உள்ள மாவு.

"ஏன் மேடம்?" நர்மதாதான். வேற யாரு.

"நீ என்ன நினைக்கிற?"னு திருப்பிக் கேட்டுச்சு ரெஹானா. பதில் தெரியலேன்னா கேள்வி கேட்டவகிட்டயே கேள்வியைத் தள்ளிடறது. நல்ல உத்தி. எனக்கு இத்தனை வருஷமா தோணல பாருங்க.

நர்மதா துணியில இருந்த மாவைக் குனிஞ்சு பார்த்தா. "வெளிப்பக்கம் தண்ணி பட்டதும் முன்னாடியே இறுகிடுது. உள்பக்கம் அப்புறம்தான் ஆறுது. ஆறும்போது அது சுருங்கப் பார்க்கும், வெளிப்பக்கம் விடாது. ரெண்டும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே நிக்குது. எங்கம்மா பாய் ஓரத்துல இழுத்துக் கட்டுவாங்க. கட்டு நிக்கிற வரைக்கும் பாய் விறைப்பா இருக்கும். ஓரத்துல ஒரு கட்டை அறுத்துட்டா எல்லாம் அவிழ்ந்துடும். அப்படியா மேடம்?"

ரெஹானா அவளையே பார்த்துச்சு. "நான் இதை காலேஜ் மூணாவது வருஷத்துலதான் புரிஞ்சுக்கிட்டேன்"னு சொல்லிச்சு.

கார் ஜன்னல் கண்ணாடி, போன் மேல இருக்கிற கண்ணாடி, எல்லாத்துக்கும் பலம் இந்த இழுபறிதானாம். இருக்கட்டும். ஆனா ஒரு பொண்ணை மத்த பொண்ணுங்க முன்னாடி அப்படிப் புகழலாமா? தலைக்கனம் வந்துடாது? வந்தது. அதுக்கப்புறம் என் வகுப்புலயும் கை தூக்கி பதில் சொல்ல ஆரம்பிச்சா. சில சமயம் சரியாவும் சொன்னா.

சரி, பிரச்சினை வந்த வெள்ளிக்கிழமைக்கு வரேன். பொண்ணுங்க எல்லாம் அந்தக் கோடி மேஜையில ஏதோ வளைச்சுக்கிட்டு இருந்தாங்க. இந்த மேஜையில ரெஹானாவும் நர்மதாவும். அப்பத்தான் ஒரு குச்சியை நெருப்புலேர்ந்து எடுத்து, செங்கல் மேல வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பினாங்க. மேஜை முழுக்க அலங்கோலம். எனக்கு அலங்கோலம் பிடிக்காது. எடுத்து ஓரமா வைக்கலாம்னு அந்தக் குச்சியை எடுத்தேன்.

பார்க்க ஆறின மாதிரிதாம்மா இருந்தது.

கத்தல. நான் கத்தறவ இல்ல. குச்சி கீழ விழுந்து உடைஞ்சது. ஆமா, என் லேப்புல கைதவறி உடைஞ்ச முதல் கண்ணாடி அதுதான், அதுவும் அந்தப் பொண்ணு கொண்டு வந்தது, கணக்குல வராது. ரெண்டு விரலும் கட்டை விரலும் வெந்து போச்சு. ரெஹானா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் குழாய்த் தண்ணியில வச்சிச்சு. ரொம்ப நேரம் வச்சிச்சு. "சாரி டீச்சர், என் தப்பு, கை எட்டாத இடத்துல வச்சிருக்கணும்"னு திரும்பத் திரும்பச் சொல்லுது. அதான் நானும் சொல்றேன், அது தப்புதானே. நர்மதா என் கையைப் பார்த்துக்கிட்டு நின்னா. மத்த பொண்ணுங்க யாரும் கவனிக்கல. நான் முந்தானையில கையை மூடிக்கிட்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துட்டேன். கேட்டவங்ககிட்ட குக்கர்னு சொன்னேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஸ்கூல்ல ஏது குக்கர்னு நல்லவேளை யாரும் கேக்கல.

ஆனா மனசு கேக்கலம்மா. எனக்கு நடந்தது நாளைக்கு ஒரு குழந்தைக்கு நடந்தா? பொறுப்புள்ள டீச்சர் ஒருத்தி என்ன செய்வா? கல்வித் துறைக்குப் புகார் சொல்ல ஒரு நம்பர் இருக்கு. போன் பண்ணேன். இந்த ஸ்கூல்ல கண்ணாடியை உருக்குறாங்க, தீக்காயம் ஆகியிருக்கு, பிள்ளைங்க பாதுகாப்பைப் பாருங்கன்னு சொன்னேன். பேரு கேட்டாங்க. பேருக்காகச் செய்யறவ இல்ல நான். ஒரு பெற்றோர்னு சொன்னேன். நானும் ரெண்டு பிள்ளை பெத்தவதானே. இதுல எங்க பொய் இருக்கு?

அரசாங்கம் மத்ததுக்கெல்லாம் மெதுவா வரும். இதுக்கு அடுத்த வாரமே வந்துடுச்சு. மாவட்டக் கல்வி ஆபீஸ்லேர்ந்து ஒரு அதிகாரி, கூட ஒரு கிளார்க். வெள்ளிக்கிழமை வகுப்பு நிறுத்தம், விசாரணை முடியற வரைக்கும். ரெஹானாவை வரவழைச்சாங்க. லேப்புல எல்லாப் பொண்ணுங்களையும் வரிசையா நிறுத்தினாங்க. எச்.எம். முகம் வெளுத்துப் போய் நிக்கிறாங்க, அவங்க வேலைக்கே ஆபத்து. நானும் நின்னேன், லேப் என் பொறுப்பாச்சே. விரல்ல போட்ட கட்டைப் புடவைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். வெயில் காலம், புழுக்கம், கட்டு நனைஞ்சிருந்தது.

அதிகாரி ரெஹானாவைப் பார்த்து, "விபத்து நடந்ததா?"ன்னாரு.

"நடந்தது சார்."

"யாருக்கு?"

ரெஹானா என்னைப் பார்த்துச்சு. ஒரு கணம்தான். அப்புறம் தரையைப் பார்த்துச்சு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சொல்லிடுவா, இதோ சொல்லிடுவான்னு. எம்.எஸ்சி. படிச்ச டீச்சர் சுட்ட குச்சியை வெறுங்கையால எடுத்தாங்க சார்னு. வரிசையில நிக்கிற அத்தனையும் சிரிக்கும். அதோட விட்டாத்தானே. போன் பண்ண பெற்றோர் யாருன்னும் அதிகாரிக்குப் புரிஞ்சிருக்கும்.

"யாரும்மா, சொல்லுங்க. அடிபட்ட பொண்ணு யாரு? பயப்படாம முன்னாடி வா"ன்னாரு அதிகாரி.

நர்மதா முன்னாடி வந்தா.

"நான்தான் சார்."

கையை நீட்டினா. உள்ளங்கை ஓரத்துல ஒரு தழும்பு. எனக்குத் தெரியும், அது தோசைக்கல்லுல சுட்டது. அவ அம்மா விடியறதுக்குள்ள பாய்த் தறியில உட்கார்ந்துடுவாங்க, வீட்டுல சமையல் இவதான். அந்தத் தழும்பு எப்பவோ ஆறினது. கிளார்க்குக்கு அதெல்லாம் தெரியுமா? எட்டிப் பார்த்துட்டு எழுதிக்கிட்டாரு.

"எப்படி ஆச்சு?"

இப்ப அவ சொன்னதை அப்படியே சொல்றேன், ஒரு வார்த்தை மாத்தல. "மேடம் முதல் நாளே தெளிவா சொன்னாங்க சார். சூடா இருந்தாலும் ஆறின மாதிரிதான் தெரியும், புறங்கையைக் காட்டிப் பார்த்துட்டு எடுன்னு. எல்லாரும் கேட்டாங்க. நான்தான் கேக்கல. எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சேன். அடுத்தவங்க மேஜையில இருந்ததைக் கேக்காம எடுத்தேன். தப்பு முழுக்க என்னுதுதான் சார்."

சொல்லும்போது ஒரு தடவை கூட என் பக்கம் பார்க்கல. பார்த்திருந்தா தேவலை.

"இப்ப பயமா இருக்கா? இந்த வகுப்பு வேணுமா, வேணாமா?"

"வேணும் சார்."

"சுட்டுக்கிட்ட அப்புறமுமா?"

"அதான் சார் வேணும். சுட்டுக்கிட்டவங்க அடுத்த தடவை பார்த்து எடுப்பாங்கல்ல?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. செஞ்சு காட்டச் சொன்னாரு. அவ மூக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, பர்னரை ஏத்தி, ஒரு குச்சியை உருக்கி நூல் இழுத்தா. அவரு கையிலயும் ஒரு முனையைக் குடுத்தா, அதுக்கு முன்னாடி புறங்கை காட்டிப் பார்த்துட்டு. ஐம்பது வயசு மனுஷன், அந்த நூலை வளைச்சு வளைச்சுப் பார்த்துக்கிட்டு, கிளார்க்கைக் கூப்பிட்டு, "யோவ், இங்க வந்து பாருய்யா"ன்னாரு. விசாரணை அதோட முடிஞ்சது. இந்த லட்சணத்துலதான் நம்ம நாட்டுல விசாரணை நடக்குது.

ஆனா போகும்போது ஒரு உத்தரவு போட்டுட்டுப் போனாரு. வகுப்பு நடக்கலாம். பாதுகாப்புக்கு ஒரு நிரந்தர ஆசிரியை எப்பவும் நெருப்பு பக்கத்துலயே இருக்கணும், மூக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, செய்முறை முழுக்கக் கத்துக்கிட்டு. எச்.எம். சந்தோஷமா என்னைக் கை காட்டினாங்க. "திலகவதி டீச்சரைவிடக் கவனமானவங்க யாரும் இல்ல சார்."

எல்லாரும் போனப்புறம் லேப்பைப் பூட்டறதுக்காக நின்னேன். நர்மதா மட்டும் பையை எடுக்கத் திரும்பி வந்தா. நான் விடல. கண்டிக்கணும் இல்லையா?

"ஏண்டி, அதிகாரி முன்னாடி அப்படிப் பொய் சொல்லலாமா?"

அவ முந்தானைக்குள்ள இருந்த என் கையைப் பார்த்தா. "இன்னும் வலிக்குதா மிஸ்?"னு கேட்டா.

எவ்வளவு திமிர் பாருங்க. கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல, திருப்பிக் கேள்வி. அந்த ரெஹானா கத்துக் குடுத்த பழக்கம். எங்க வீட்டுல கூட யாரும் அப்படிக் கேக்கல. என் வீட்டுக்காரரு, சாம்பார்ல உப்பில்லன்னு சொன்னாரு, கட்டு போட்ட கையால எப்படிப் போடறதுன்னு கேக்கல. நான் "வலியெல்லாம் இல்ல, போ"ன்னேன். அவ போனா. நான் கொஞ்ச நேரம் அங்கயே உட்கார்ந்திருந்தேன். புழுக்கம் அதிகம் அன்னைக்கு. கண்ணெல்லாம் வேர்த்துடுச்சு.

தொழிற்பிரிவு மாத்தறதா? அது வேணாம்னு எச்.எம்கிட்ட சொல்லிட்டேன். பயந்துக்கிட்டுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு பிள்ளை வாழ்க்கை, நாமளா கெடுக்க வேணாமேன்னு. எனக்கு இளகின மனசு. சாயங்காலத்துல கொஞ்ச நாள் கெமிஸ்ட்ரியும் சொல்லிக் குடுத்தேன். அந்த ஏன் மிஸ், ஏன் மிஸ்சைக் கேட்டுக் கேட்டு எனக்கே நாலஞ்சு பாடம் புரிஞ்சது. புரியாமலும் நல்லாத்தான் நடத்திக்கிட்டு இருந்தேன்.

ரெஹானா இப்ப தருமபுரிப் பக்கம் போயிடுச்சு, வேற ஸ்கூலுங்களுக்கு. போகும்போது பர்னரை எங்ககிட்டயே விட்டுட்டுப் போச்சு. ஆள் போச்சு, தொல்லை போகல. வெள்ளிக்கிழமை மத்தியானம் இப்ப என் தலையில. மூக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு நான் நிக்கிறதை நீங்க பார்க்கணும். மாட்டிக்காம ஒருத்தி வந்தா வாசல்லயே நிறுத்திடுவேன். இப்ப எதுக்கு மெட்ராஸ் போறேன்னு நினைக்கிறீங்க? தாம்பரத்துல இறங்கி ரயிலைப் பிடிச்சு, பாரிஸ் கார்னர்ல ஒரு சந்துல கண்ணாடிக் குழாய் வாங்க. எங்க ஊர்ல வாங்கி வரச் சொன்னா கெட்டிக் கண்ணாடியை வாங்கிட்டு வந்துடறாங்க, சூடு தாங்கற ரகம். நம்ம பர்னருக்கு அது இளகவே இளகாது. சாதாக் கண்ணாடிதான் வேணும், சோடாக் கண்ணாடி. அதுல பண்ணாத்தான் அந்தச் சொட்டும் வரும். கடைக்காரன் ரெண்டையும் கலந்து ஏமாத்துவான், விளிம்பைப் பக்கவாட்டுல பார்த்தா லேசா பச்சை தெரியும், அதான் நம்மது. இந்த வேலைக்கெல்லாம் வேற யாரை அனுப்பறது? எனக்கு இதுல ஒரு ஆர்வமும் இல்ல. பொறுப்பு, அவ்வளவுதான்.

நர்மதாவா? பன்னிரண்டாவதுல கெமிஸ்ட்ரியில வகுப்புலயே அவதான் முதல் மார்க். கவுன்சிலிங்ல கம்ப்யூட்டர் கிடைச்சதும்மா, கிடைச்சும் வேணாம்னு சொல்லிட்டு கண்ணாடி, பீங்கான் எல்லாம் படிக்கிற எஞ்சினியரிங்கை எடுத்துட்டா. நான் ஃபோன்ல கத்தினேன். ஏண்டி, நல்லா ஏசியில உட்காரலாமேன்னு. "அந்தக் கம்ப்யூட்டர் திரை எதால செஞ்சது மிஸ்?"னு கேட்டா. அவங்க அப்பா லாரியை நிறுத்திட்டு எனக்கு ஃபோன் பண்ணி, "டீச்சர், இந்தப் படிப்புக்கு வேலை இருக்கா?"ன்னாரு. இருக்குன்னேன். வேற என்ன சொல்றது? நான்தானே கடைசியா அவளைக் காலேஜ்ல சேர்க்கக் கூடப் போனேன்.

போன வாரம் ஹாஸ்டல்லேர்ந்து கூப்பிட்டா. குரல் சரியில்ல. என்னடின்னேன். காலேஜ்ல பெரிய உலை இருக்காம், முதல் வருஷத்துப் பிள்ளைங்களை உள்ளயே விடறது இல்லையாம். லேப்புக்கு ஒரு சார் பொறுப்பு. பூட்டைப் போட்டு சாவியை இடுப்புல வச்சிருக்காராம். கேட்டா, "முதல்ல தியரி படி, உடைச்சா யார் பதில் சொல்றது"ன்னு விரட்டறாராம்.

"அவரு அப்படியே உங்களை மாதிரி மிஸ்"னா.

எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது. அப்போ நல்ல வாத்தியாராத்தான் இருப்பாரு, மரியாதையா நடந்துக்கன்னு சொன்னேன். அந்தப் பக்கம் க்ளுக்னு ஒரு சத்தம். சிரிக்கிறாளா, என்னன்னு தெரியல.

"சரி, நான் என்ன மிஸ் பண்ணட்டும்?"னு கேட்டா.

"ஒண்ணும் பண்ணாத. எப்பவாவது ஒருநாள் கதவைத் திறப்பாரு. ஒரு குச்சியை உருக்கி, அவருக்குக் கை எட்டற தூரத்துல வச்சிட்டு நீ தள்ளி நில்லு. எச்சரிக்கை எல்லாம் சொல்லிடு, முறையா சொல்லிடு. அந்த மாதிரி ஆளுங்க கேக்க மாட்டாங்க"ன்னேன்.

இதோ தாம்பரம் வந்துடுச்சு. கொஞ்சம் காலை நகர்த்துங்கம்மா, இறங்கிக்கிறேன்.